தொட்டிக்கு அடித்த சுண்ணாம்பு

மாடம்பாக்கம் கோயிலைத் தாண்டி ஏரிக்கரையோடு போனால், அடுக்குமாடிகளுக்கு நடுவே நல்லேரிப்பாக்கம் என்று ஓர் ஊர் இன்னும் மிச்சம் இருக்கிறது. ஊர் என்றால் நாலு தெரு, ஒரு மாதா கோயில், ஒரு கன்னியம்மன் கோயில், ஒரு சத்திரம். அந்தச் சத்திரத்தில்தான் அருங்காட்சியகம். திருக்கழுக்குன்றத்துக்கு நடந்து போன யாத்திரிகர்களுக்காக எந்தக் காலத்திலோ ஒரு தானிய வியாபாரி கட்டி வைத்த கட்டடம். யாத்திரிகர்கள் பஸ் ஏறியதும் அது ரேஷன் கடையானது. பிறகு ஓட்டுச்சாவடியானது. அதற்கும் பிறகு வௌவால்களுக்குச் சொந்தமானது. எட்டு வருஷத்துக்கு முன்னால் வௌவால்களைக் காலி செய்துவிட்டு உள்ளே பானை ஓடுகளைக் குடிவைத்தவர் யக்ஞநாராயணன். அவர் குடிவைத்த ஓடுகளை அன்றிலிருந்து பெருக்கித் துடைத்துப் பார்த்துக்கொண்டவள் தனம். இது தனத்தின் கதை. யக்ஞநாராயணன் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டாலும் அரை மணி நேரத்துக்கு மேல் அவருக்குக் கோபம் தாங்காது.

தனத்துக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. குள்ளம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவள் மாதிரி நடப்பாள். வாயும் அதே வேகம். சத்திரத்துப் பூட்டுக்கு ஒரு சாவி யக்ஞநாராயணனிடம், இன்னொன்று அவள் இடுப்பில். காலையில் வந்து திறந்து, மூன்று அறைகளையும் பெருக்கி, நடு முற்றத்தில் புறாக்கள் செய்து வைத்ததைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, மின்விசிறிகளைப் போட்டுவிட்டு, பார்வையாளர்களுக்காகக் காத்திருப்பாள். பெரும்பாலான நாட்களில் யாரும் வரமாட்டார்கள். அது அவளுடைய குற்றமல்ல.

அருங்காட்சியகம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். முதல் அறையில் கல்லாயுதங்கள். தனத்தின் கணக்கில் அவை கல். இரண்டாவது அறையில் பானை ஓடுகளும் பாசிமணிகளும், தலை போன ஒரு நடுகல் வீரனும். மூன்றாவது அறையில் ஒரே ஒரு பெரிய பொருள். ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கிற நீளத்தில், சிவந்த சுடுமண்ணில், அடியில் வரிசையாகக் குட்டைக் கால்கள் வைத்த ஒரு பேழை. ஏரிக்கரையில் அடுக்குமாடிக்கு அஸ்திவாரம் தோண்டியபோது ஜேசிபியின் பல்லில் பட்டது. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மற்றவர்கள் கோயில் கோயிலாகச் சுற்றுகிற வயதில் பள்ளம் பள்ளமாகச் சுற்றிக்கொண்டிருந்த யக்ஞநாராயணன், அந்தக் குழிக்குள் இறங்கி, வேட்டியோடு உட்கார்ந்து வண்டியை நிறுத்தினார். பிறகு தொல்லியல் துறையிலிருந்து ஆட்கள் வந்து முறைப்படி எடுத்தார்கள். இந்த மண்ணில் கிடைத்தது இந்த மண்ணிலேயே இருக்கட்டும் என்று அவர் அவர்களை நச்சரித்து நச்சரித்து, கடைசியில் சத்திரத்துக்கே கொண்டுவந்து சேர்த்தார். ஈமப்பேழை என்பது அதன் பெயர். ஊரில் அதைத் தொட்டி என்பார்கள். யாராவது தொட்டி என்றால் அவர் முகம் சுண்டிப் போகும். "ஈமப்பேழை" என்று திருத்துவார். அடுத்த நிமிஷமே அவர்கள் தொட்டி என்பார்கள்.

அது வந்த அன்றைக்கே தனம் கேட்டுவிட்டாள்.

"இன்னா சார் இது, மாட்டுக்குத் தண்ணி காட்ற தொட்டியா?"

"ஈமப்பேழை. இது ஒரு கல்லறை மாதிரிம்மா. அந்தக் காலத்துல செத்துப் போனவங்க எலும்பை இதுக்குள்ள வெச்சு, கூட ரெண்டு பானையும் வெச்சுப் புதைப்பாங்க. இதுலயும் இருந்தது. அதோ, அந்தக் கண்ணாடிப் பெட்டியில இருக்கு பார்."

"அய்யோ. யாருதாம்?"

"யாருக்குத் தெரியும்? ரெண்டாயிரத்து முந்நூறு வருஷம் ஆச்சு. ஆணா பொண்ணான்னே சொல்ல முடியலை."

"அப்போ இவங்களுக்குன்னு யாருமே இல்லியா?"

யக்ஞநாராயணன் கண்ணாடிப் பெட்டியின் மூடியைச் சரி செய்யப் போனார்.

அன்றிலிருந்து தனம் மூன்றாவது அறைக்குள் போனால் "கொஞ்சம் பெருக்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் துடைப்பத்தை எடுப்பாள். சாயங்காலம் விளக்கை அணைக்கும்போது "வரேன்" என்பாள். அதைத் தொட அவளுக்கு அனுமதி கிடையாது. தரை அவளுடையது, பொருள் அவருடையது. முதல் நாளே பேசி வைத்துக்கொண்ட எல்லை அது. ஈரத்துணி ஆகவே ஆகாது. தனமும் அதை மீறியதில்லை, அந்த ஒரு நாள் வரைக்கும்.

அந்த நாளைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அவள் கணவர் சவுரிமுத்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தண்ணீர் லாரி ஓட்டியவர். ஒரு மத்தியானம் சேலையூர் பக்கம் லோடு ஏற்றிக்கொண்டு வரும்போது நெஞ்சு வலி வந்தது. "வண்டிய ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியக் கயட்டி மடியில வெச்சிகினு, அப்பறமாத்தான் செத்தாரு" என்று தனம் பெருமையாகச் சொல்வாள். மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில், மூன்றாவது வரிசையில், நாவல் மரத்தடியில் அவரைப் புதைத்தார்கள். சிமெண்டில் கல்லறை கட்ட வசதியில்லை. சுற்றிலும் செங்கல் வரம்பு வைத்து, தலைமாட்டில் ஓர் இரும்புச் சிலுவை நட்டார்கள். அவ்வளவுதான். ஆனால் அந்த வரம்பை தனம் எப்படி வைத்திருந்தாள் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். இறந்தவர்களுக்கான நாள். அதற்கு முதல் நாளே குடும்பம் குடும்பமாகப் போய்ப் புல் பிடுங்கி, கழுவி, கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். சாயங்காலத்துக்குள் தோட்டம் முழுக்க வெள்ளை வெளேர் என்று ஆகிவிடும். பூவும் மெழுகுவத்தியும் அன்றைக்கே வைப்பவர்களும் உண்டு. மறுநாள் பூசையும் ஜெபமும். சுண்ணாம்பு அடிக்காத கல்லறை என்றால், அங்கே படுத்திருப்பவருக்கு யாரும் இல்லை என்று அர்த்தம். தனம் ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. காய்ச்சலோடு போய் அடித்த வருஷமும் உண்டு.

போன வருஷமும் முதல் நாளே போனாள். ஒரு கையில் கரைத்த சுண்ணாம்பு வாளி, இன்னொரு கையில் பை. பையில் மட்டை பிரஷ், நீலப் பொட்டலம், சாமந்திப் பூ, மெழுகுவத்தி. நாவல் மரத்தடிக்குப் போய் வாளியைக் கீழே வைத்தாள். செங்கல் வரம்பைக் காணோம். அங்கே புது மண்மேடு இருந்தது. புதுச் சிலுவை. அதில் வேறு யாருடைய பெயரோ. மேட்டுக்குப் பக்கத்தில் ஓர் இளம்பெண், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர் ஓடி வந்து தனத்தை ஓரமாக அழைத்துப் போனார்.

"இன்னாம்மா பண்றது, எடம் கீதா? சிமெண்டு கட்டாத குழியெல்லாம் பத்து வருசம் ஆனா மறுபடி தோண்டிக்கலாம்னு முடிவு பண்ணிட்டாங்க. பூசையில சொன்னாங்களே, நீ கேக்கலியா?"

கேட்டிருந்தாள். அதெல்லாம் மற்றவர்களுக்கு என்று நினைத்திருந்தாள்.

"எங்க ஆளு எங்க?"

"எங்க போவாரு? கீழதான் கீறாரு. மேல புச்சா ஒருத்தர் படுத்துகினு கீறாரு, அவ்ளோதான். நீ போயி பெரிய சிலுவையாண்ட மெழுவத்தி ஏத்து. எல்லாருக்கும் சேந்துடும்."

சண்டை போட வேண்டுமென்றால் தனத்துக்கு வாயில்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பெண் அங்கே உட்கார்ந்திருந்தாள். அவள்மேல் என்ன தப்பு? அவளும் தன் ஆளைப் பறிகொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். தனம் பையிலிருந்து பாதிப் பூவை எடுத்து அந்தப் பெண்ணின் மடியில் போட்டுவிட்டுத் திரும்பினாள். பெரிய சிலுவையடியில் யார் யாருடைய மெழுகுவத்தியோ எரிந்துகொண்டிருந்தது. பொதுக் குழாயில் வரிசையில் குடம் வைக்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. ஏற்றாமலே வந்துவிட்டாள்.

அன்றைக்குச் சத்திரம் பூட்டியிருந்தது. யக்ஞநாராயணனும் அவர் மனைவி நாகலக்ஷ்மியும் கீழ்க்கட்டளையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். வீட்டுக்குப் போகிற வழியில் தனத்தின் கால் தானாகச் சத்திரத்துக்குத் திரும்பியது. திறந்து, மூன்றாவது அறைக்குப் போய், தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதாள். அதை அழகாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூக்கு ஒழுக ஒழுக அழுதாள். பன்னிரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அழுதாள்.

அழுது முடித்துப் பார்த்தால் வாளியில் சுண்ணாம்பு அப்படியே இருந்தது.

"எங்க ஆளுக்கு ஆள் இருந்தும் எடம் இல்ல," என்றாள் தொட்டியிடம். "உங்களுக்கு எடம் இருந்தும் ஆள் இல்ல."

பிறகு எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினாள். சுண்ணாம்பில் ஒரு ஸ்பூன் நீலத்தைப் போட்டுக் கலக்கினாள். நீலம் போட்டால்தான் வெள்ளை எடுப்பாக இருக்கும். பிரஷை முக்கி, மேல் விளிம்பிலிருந்து ஆரம்பித்தாள். சுவருக்கு அடிக்கிற மாதிரி அல்ல, பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி. கால்களுக்கு நடுவே அடிப்பதற்குத் தரையில் குப்புறப் படுத்தாள். முதல் பூச்சு காயும் வரைக்கும் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்து இரண்டாவது பூச்சும் அடித்தாள். தரையில் ஒரு சொட்டு சிந்தவில்லை. மிச்சமிருந்த சாமந்தியைக் கோத்துச் சாத்தினாள். இரண்டு மெழுகுவத்தி ஏற்றி, சவுரிமுத்துவுக்கும், பெயர் தெரியாத இன்னொருவருக்கும் சேர்த்து ஜெபம் சொன்னாள். மெழுகுவத்தி எரிந்து முடிந்த பிறகுதான் பூட்டினாள். மனம் நிறைந்திருந்தது. தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று அவளுக்குத் துளியும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? கல்லறை என்று சொன்னவர் அவர்தானே.

மறுநாள் ஞாயிறு. யக்ஞநாராயணன் காலனியிலிருந்து இரண்டு குடும்பங்களைப் பெருமையோடு அழைத்து வந்தார். கல்லாயுதங்களைக் காட்டினார். நடுகல்லைக் காட்டினார். "இப்போ நம்ம மியூசியத்தோட பொக்கிஷம்" என்று சொல்லி மூன்றாவது அறை விளக்கைப் போட்டார்.

அறையே பளீரென்றது. பால் வெள்ளையில், மாலையோடு நின்றது தொட்டி. வந்தவர்களில் ஓர் அம்மாள் சட்டென்று செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "என்ன சாமி சார்?" என்று பயபக்தியோடு கேட்டாள். இன்னொருவர் விபூதி எங்கே என்று தேடினார்.

யக்ஞநாராயணன் பேயறைந்தது மாதிரி நின்றார். வந்தவர்களை எப்படி அனுப்பினார் என்று அவருக்கே தெரியாது. பிறகு முற்றத்துக்கு வந்து ஒரு தூணைப் பிடித்துக்கொண்டார்.

"தனம்! என்னம்மா பண்ணி வெச்சிருக்கே?"

"இன்னா சார்? இன்னிக்குக் கல்லறைத் திருநாளு."

"ரெண்டாயிரத்து முந்நூறு வருஷத்துப் பொருள்மா அது! அந்தக் காலத்துல கிறிஸ்துவே பொறக்கலை!"

"தெரியும் சார். அவங்க இன்னா மதம்னு யாருக்குத் தெரியும்? தெரியலன்னா ஒண்ணுமே செய்யாம உட்டுடறதா?"

அரை மணி நேரம் அவர் முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கோபம் இறங்கியதும் அவளை அருகில் கூப்பிட்டு, டார்ச் அடித்துக் காட்டினார். கால்களுக்கு மேலே, களிமண் ஈரமாக இருக்கும்போது செய்தவருடைய விரல்கள் பதிந்த தடங்கள் இருந்தன. உலகத்தில் அந்த ஆளைப் பற்றி மிச்சமிருந்த ஒரே அடையாளம் அதுதான். இப்போது அந்தக் குழிகளில் எல்லாம் சுண்ணாம்பு அடைத்திருந்தது. தனம் குனிந்து பார்த்தாள். தான் செய்ததற்காக அப்போதுதான் முதல் தடவை வெட்கப்பட்டாள்.

"தேய்ச்சுக் கழுவிடவா சார்?"

"வேண்டாம்! தொடாதே! தயவு செஞ்சு தொடாதே." பிறகு சந்தேகத்தோடு, "நீலம் வேற கலந்தியா?" என்றார்.

"ஒரே ஒரு ஸ்பூன்தான் சார்."

அதற்குப் பிறகுதான் கல்லறைத் தோட்டத்தில் நடந்ததை அவள் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

"சொல்லியிருந்தா சுண்ணாம்பு அடிக்க உட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அப்பறம்?"

அவர் நினைத்திருந்தால் மூடி மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. தானே துறைக்குப் போன் செய்து சொன்னார். மாளவிகா என்ற இளம் அதிகாரி வந்து பார்த்தாள். மண் சுண்ணாம்பை உறிஞ்சியிருக்கிறது, உலர் முறையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்க வேண்டும், நகரத்துக்குக் கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும் என்றாள். நல்ல பெண். தனத்தை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. இரண்டு நாளில் டெம்போ வந்தது. பஞ்சும் கம்பளியும் சுற்றி, எலும்புப் பெட்டியையும் சேர்த்து ஏற்றினார்கள். வண்டி ஏரிக்கரை திரும்பும் வரைக்கும் தனம் வாசலிலேயே நின்றாள்.

"அம்மா, ஊர்ல எல்லாரும் மியூசியத்துக்குப் போனா போட்டோதான் எடுப்பாங்க. நீ ஒருத்திதான் பெயிண்ட் அடிச்சுட்டு வந்திருக்கே," என்று அவள் மகள் ஜாஸ்மின் சிரித்தாள். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவள். வேறு நாளாக இருந்தால் தனமும் கூடச் சிரித்திருப்பாள்.

வெறும் அறையைப் பெருக்குவது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. தொட்டி நின்ற இடத்தில் தரை மட்டும் நிறம் மாறியிருந்தது. இருந்தாலும் "வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் விளக்கை அணைப்பாள். "எப்ப சார் வரும்?" என்று வாரத்துக்கு ஒரு தடவை கேட்பாள். "வரும்மா" என்பார் அவர். ஒரு கட்டத்துக்குப் பிறகு அந்தக் கேள்வி வந்தாலே அவர் எழுந்து வேறு அறைக்குப் போய்விட ஆரம்பித்தார். தனம் அதைக் கவனித்தாள். என்னவோ இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

ஆகஸ்டில் மாளவிகா மறுபடி வந்தாள். மூன்றாவது அறையில் கண்ணாடிக் கூண்டுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள். தனம் டீ எடுத்துக்கொண்டு உள்ளே வருவதை அவள் பார்க்கவில்லை.

"சார், எல்லாம் ரெடி. விரல் தடம்கூட நல்லா கிளியராயிடுச்சு. நீங்கதான் எங்க துறைக் கமிட்டிக்குப் பதில் சொல்லாம மூணு மாசமா இழுக்கறீங்க. ஆளை மாத்திட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா அடுத்த வாரமே அனுப்பிடறோம்."

யக்ஞநாராயணன் இருமினார். கண்ணால் ஜாடை காட்டினார். நேரம் கடந்துவிட்டது.

"எந்த ஆள மாத்தணும் சார்?" என்றாள் தனம்.

டீ ஆறிப் போனது. மாளவிகா தரையைப் பார்த்தபடி சொன்னாள். பொருளைச் சேதப்படுத்திய பணியாளர் அங்கே வேலையில் இருக்கும் வரைக்கும் திருப்பித் தருவதில்லை என்று கமிட்டி முடிவு செய்திருக்கிறது. இல்லையென்றால் நகரத்துக் கிடங்கிலேயே வைத்துக்கொள்வார்கள். தன்னால் செய்ய முடிந்ததையெல்லாம் செய்து பார்த்துவிட்டதாகச் சொன்னாள்.

அவள் போன பிறகு அவர் ஆறிய டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

"எனக்கு அந்தத் தொட்டி வேண்டாம்மா," என்றார் யக்ஞநாராயணன்.

எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் வாயிலிருந்து தொட்டி என்ற வார்த்தை வந்தது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தனத்துக்குத் தெரியும். தெரிந்ததால் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"உங்களுக்கு வேணாம்னா? அது இன்னா உங்களுதா?"

"பின்னே உன்னை அனுப்பச் சொல்றியா?"

"அவங்க இந்த ஊரு ஆளு சார். ஏரிக்கரையில அது பாட்டுக்குப் படுத்துகினு இருந்தவங்க. தோண்டி எடுத்தது நாம. எங்கியோ கிடங்குல நம்பர் போட்டு அடுக்கிட்டா, அவங்களாண்ட யாரு வரேன் போறேன்னு சொல்லுவா?" தொட்டி நின்ற இடத்தைக் காட்டினாள். "எங்க ஆளுக்கு மேலயே வேற ஆளப் படுக்க வெச்சாங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியல. இவங்களுக்கு முடியும் சார். நான் வேலைய உட்டா போதும்."

"பேருக்கு நீக்கிட்டேன்னு சொல்லிடறேன். நீ பாட்டுக்கு வந்துகிட்டு இரு. யாருக்குத் தெரியப்போறது?"

"பொய் சொல்லி வாங்கினு வந்தா, நாளிக்கு யாராச்சும் வந்து பாத்துட்டு மறுபடியும் தூக்கினு பூடுவாங்க. ஒருக்கா எடம் மாறினது போதும் அவங்களுக்கு."

இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. வாதாடினார், அதட்டினார், நாகலக்ஷ்மியை விட்டுப் பேசச் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. தனம் ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான். சவுரிமுத்துவே அந்த விஷயத்தில் தோற்றுப் போனவர்தான்.

ஏரிக்கரையில் தொட்டி கிடைத்த அதே அடுக்குமாடியில் மாடிப்படி துடைக்கிற வேலை கிடைத்தது. லிஃப்ட் இருந்தது, ஆனால் வேலைக்காரர்களுக்கு அல்ல. கீழே கார் நிறுத்துகிற இடத்தைப் பெருக்கும்போது, இந்த இடத்தில்தானே படுத்திருந்தார்கள் என்று நினைத்துக்கொள்வாள். பேசுவதற்கு அங்கே ஒருவரும் இல்லை.

செப்டம்பரில் ஒரு நாள் யக்ஞநாராயணன் போன் செய்தார்.

"வந்துடுச்சும்மா."

"நல்லா கீறாங்களா?"

"நல்லா இருக்காங்க."

தனம் அதற்குப் பிறகு சத்திரத் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டு, சுற்று வழியில் கன்னியம்மன் கோயில் தெருவாகப் போக ஆரம்பித்தாள். வாசல் திறந்திருந்தால் கால் உள்ளே போய்விடும் என்று அவளுக்குத் தன்மேலேயே பயம்.

மறுபடி கல்லறைத் திருநாள் வந்தது. இந்த முறை அவள் சுண்ணாம்பு வாங்கவில்லை. பூவும் மெழுகுவத்தியும் மட்டும் வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். தோட்டம் முழுக்க வெள்ளையாக இருந்தது, எல்லோருக்கும் யாராவது இருந்தார்கள். நாவல் மரத்தடியில் அந்தப் பெண் தன் மாமியாரோடு உட்கார்ந்திருந்தாள். தனம் தள்ளி நின்றே கும்பிட்டாள். பெரிய சிலுவைப் பக்கம் போய் வரிசையைப் பார்த்துவிட்டு, பையைத் திறக்காமலே வெளியே வந்தாள். அப்போதுதான் போன் அடித்தது.

"தனம், சத்திரம் வரைக்கும் வந்துட்டுப் போ."

"நான் எப்டி சார் வர்றது?"

"வான்னா வாயேன்."

வாசல் கேட்டுக்கு வெளியே, தெருவிலேயே நின்றுகொண்டாள். 'இன்று பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை' என்று அட்டை தொங்கியது. யக்ஞநாராயணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் துடைப்பத்தோடு வந்தார். முற்றத்தை அவர்தான் பெருக்கியிருக்கிறார் என்று கேட்டிலிருந்து பார்த்தாலே தெரிந்தது. மூலையெல்லாம் அப்படியே இருந்தது.

"உள்ளே வா."

"வேணா சார். ஆள நீக்கிட்டேன்னு சொல்லிட்டீங்க. யாராச்சும் பாத்தா நீங்கதான் மாட்டிக்குவீங்க. ஒரு தபா தூக்கினு போனதே போதும்."

"என்ன சொன்னேன்? அந்தப் பணியாளர் இனிமே இங்கே வேலை செய்ய மாட்டாங்கன்னு சொன்னேன். உண்மைதானே? நீ இங்கே வேலை செய்யறியா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

"வேலையும் செய்யல, பாக்க வர்றவங்களுக்கும் இன்னிக்கு லீவுன்னு போட்டு வெச்சிருக்கீங்க. அப்போ நான் யாருன்னு சொல்லிகினு உள்ள வர்றது?"

யக்ஞநாராயணன் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"கல்லறைத் திருநாளுக்குக் கல்லறைக்கு யாரும்மா வருவா? சொந்தக்காரங்கதானே? சொந்தக்காரங்க வரக் கூடாதுன்னு எந்தக் கமிட்டியும் சொல்லலை."

தனம் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். மூன்றாவது அறையில், புதுக் கண்ணாடிக் கூண்டுக்குள் தொட்டி செக்கச்செவேலென்று நின்றது. கால்களுக்கு மேலே விரல் தடங்கள் தெளிவாகத் தெரிந்தன.

"நான்தான்," என்றாள் தனம். "வந்துட்டேன்."

கண்ணாடிக்குப் பக்கத்தில் நெருப்பு ஆகாது என்று யக்ஞநாராயணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முற்றத்தில் அவரே ஒரு தாம்பாளத்தில் மணல் பரப்பி வைத்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் மூன்றாவது அறை நேராகத் தெரியும். தனம் மணலில் மெழுகுவத்திகளை நட்டு ஏற்றினாள். சவுரிமுத்துவுக்கு ஒன்று, பெயர் தெரியாதவருக்கு ஒன்று. யக்ஞநாராயணன் பார்வையாளர்களுக்கான நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் போட்டார். தனம் அதில் உட்கார்ந்தாள்.